பேட்டி கொடுக்கப் பயிற்சி: பி.ஆர். ஏஜென்சியா, முன்னாள் நிருபரா, ஆன்லைன் வகுப்பா?

மீடியா ட்ரெயினிங், அதாவது பேட்டி கொடுக்கப் பயிற்சி, எடுக்கலாம் என்று முடிவு செய்தவர்கள் பெரும்பாலும் அடுத்த படியில்தான் சிக்கிக்கொள்கிறார்கள். கையில் மூன்று கொட்டேஷன் இருக்கும். ஒன்று, நிறுவனங்களின் மீடியா தொடர்பைப் பார்த்துக்கொள்ளும் ஏதோ ஒரு பி.ஆர். ஏஜென்சியுடையது. இன்னொன்று பல வருஷம் சேனலில் இருந்துவிட்டு வெளியே வந்த பத்திரிகையாளர் அனுப்பியது. மூன்றாவது லண்டனிலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டு ஜூமில் நடத்துகிற வகுப்பு. மூன்றிலும் எழுதியிருப்பது கிட்டத்தட்ட ஒன்றேதான்: தன்னம்பிக்கை, உடல்மொழி, கடினமான கேள்விகளைச் சமாளிப்பது. விலை மட்டும் மலைக்கும் மடுவுக்குமாக இருக்கும். இதில் எதை எடுப்பது?

திருப்பூரில் ஏற்றுமதி செய்பவர், மதுரையில் மருத்துவமனை நடத்துபவர், குழந்தைகளுக்காக வேலை செய்யும் தொண்டு நிறுவனத்தின் செயலாளர், கல்லூரி முதல்வர் என்று, எப்போதாவது ஒரு நாள் தமிழ் சேனல் மைக் முன்னால் நிற்க வேண்டி வரக்கூடியவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயிற்சியாளரின் பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். உங்களுக்கு அடுத்து வரப்போகிற பேட்டி எந்த மொழியில், எந்த வடிவத்தில் இருக்கும் என்று யோசியுங்கள். அதே மொழியில், அதே வடிவத்தில், உங்களை அதிக நேரம் கேமரா முன்னால் உட்கார வைத்துக் கேள்வி கேட்பவர் யாரோ அவரிடம் போங்கள்.

## முதலில் அளவுகோல்கள்

வடிவம். பேட்டி என்றாலே ஸ்டுடியோ நாற்காலிதான் எல்லோர் நினைவுக்கும் வருகிறது. நடப்பில் அது குறைவு. வாசலில் பத்துப் பதினைந்து மைக் நீட்டப்பட, நின்றபடி கொடுக்கும் பைட் ஒன்று. செய்தி ஓடிக்கொண்டிருக்கும்போதே போனில் இணைக்கிற போனோ ஒன்று. நான்கு பேர் உட்கார்ந்து ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கிடுகிற இரவு நேர விவாதம் ஒன்று. ஒரு மணி நேரம் ஓடி, அதிலிருந்து முப்பது விநாடி ஷார்ட்ஸாக வெட்டப்படுகிற யூடியூப் பேட்டி ஒன்று. பத்திரிகை நிருபர் போனில் கேட்டு எழுதிக்கொள்வது ஒன்று. இவை ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு பழக்கம் வேண்டும். பைட்டில் முதல் இரண்டு வாக்கியங்களுக்குள் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும், மீதி எடிட்டிங் டேபிளிலேயே போய்விடும். யூடியூபில் நேர்மாறான ஆபத்து: நாற்பதாவது நிமிடத்தில், களைப்பில், நெறியாளர் நண்பர் மாதிரிப் பழகுகிறாரே என்று நினைத்துச் சொல்லும் ஒரு வரிதான் தம்ப்நெயிலில் வந்து நிற்கும்.

நின்றபடி கொடுக்கும் பேட்டியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை என்பதால் ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். 2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் என்ற எண்ணெய்க் கிணறு தோண்டும் மேடை வெடித்து 11 தொழிலாளர்கள் இறந்தார்கள். அந்த மே மாதக் கடைசியில், அந்தக் கிணற்றைத் தோண்டச் செய்த பி.பி. எண்ணெய் நிறுவனத்தின் தலைமை நிர்வாகி டோனி ஹேவர்ட் நிருபர்களிடம் வருத்தம் தெரிவித்துக்கொண்டிருந்தவர், கூடவே, இது முடிய வேண்டும் என்று என்னைவிட ஆசைப்படுபவர் யாருமில்லை, என் பழைய வாழ்க்கை எனக்குத் திரும்ப வேண்டும் என்கிற பொருளில் ஒரு வரியைச் சேர்த்துவிட்டார். வருத்தம் சொன்னது மறந்துபோனது, அந்த ஒரு வரிதான் உலகம் முழுக்கச் சுற்றியது. பிறகு அதற்காகத் தனியாக மன்னிப்புக் கேட்டார், சில மாதங்களில் பதவியும் போனது. அவ்வளவு பெரிய நிறுவனத்துத் தலைவருக்கு ஆலோசகர்கள் இல்லாமலா இருந்திருப்பார்கள்? பேசி முடித்த பிறகும் கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போது வாயை எப்படி மூடிக்கொள்வது என்பதையும் பழகத்தான் வேண்டும்.

மொழி. நம் ஊரில் இதைத்தான் அதிகம் கோட்டை விடுகிறார்கள். கார்ப்பரேட் பயிற்சிகள் பல ஆங்கிலத்தில் நடக்கின்றன, ஸ்லைடும் ஆங்கிலம், மாதிரிக் கேள்வியும் ஆங்கிலம். ஆனால் விபத்து நடந்த அன்று மருத்துவமனை வாசலுக்கு வருபவர் தமிழில் கேட்பார், கேட்டுக்கொண்டிருக்கும் நோயாளியின் குடும்பத்துக்கும் தமிழில்தான் புரிய வேண்டும். ஆங்கிலத்தில் அழகாகப் பேசிப் பழகிய டாக்டர், அதையே தமிழில் சொல்லும்போது பாதி வாக்கியத்தில் தடுமாறி நிற்பார். பார்ப்பவருக்கு அது எதையோ மறைக்கிற மாதிரித் தெரியும். எந்த மொழியில் பேசப் போகிறீர்களோ அந்த மொழியில் பயிற்சி இல்லையென்றால் மற்றதெல்லாம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் நான் வேண்டாம் என்றே சொல்வேன்.

கேமரா நேரம். ஒரு நாள் பயிற்சியில் காலையில் இரண்டு மணி நேரம் விளக்கம், மதிய உணவு, டீ எல்லாம் போனால் மிச்சம் நான்கு மணி நேரம், அதாவது 240 நிமிடம். ஒரு மாதிரிப் பேட்டிக்கு 5 நிமிடம், அதைப் போட்டுப் பார்த்துப் பேச 15 நிமிடம் என்றால் மொத்தம் 12 சுற்று. 12 பேரை உட்கார வைத்தால் ஆளுக்கு ஒரே ஒரு முறை. முதல் முறை எல்லோரும் சொதப்புவார்கள், திருத்திக்கொண்டு திரும்பச் செய்ய வாய்ப்பே கிடைக்காமல் வீட்டுக்குப் போவார்கள். 4 பேர் என்றால் ஆளுக்கு மூன்று. அந்த இரண்டாவது, மூன்றாவது சுற்றில்தான் மாற்றம் தெரியும். அதனால் தலைக்கு எவ்வளவு என்று கணக்குப் பார்ப்பதைவிட, ஆளுக்கு எத்தனை சுற்று என்று பாருங்கள்.

சட்டம் தெரியுமா. எதைச் சொல்லக் கூடாது என்பது துறைக்குத் துறை மாறும். பட்டியலிடப்பட்ட நிறுவனம் என்றால் பங்கு விலையைப் பாதிக்கக்கூடிய, இன்னும் வெளியாகாத தகவலைப் பேட்டியில் வாய்தவறிச் சொன்னாலே பங்குச் சந்தையைக் கட்டுப்படுத்தும் செபியின் 2015 விதிமுறைகள் குறுக்கே வரும். குழந்தைகள் சம்பந்தப்பட்ட வழக்கில் பேசும் பள்ளி, தொண்டு நிறுவனம் என்றால், குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதைத் தடுக்கும் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவும் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவும் உண்டு. பெயரைச் சொல்லாமல் ஊர், பள்ளி, அப்பாவின் வேலை என்று சொல்லி, அதை வைத்துக் குழந்தையை அடையாளம் காண முடிந்தாலும் தவறுதான். மாநில அரசு ஊழியர் என்றால் 1973 நடத்தை விதிகளின்படி பேசவே அனுமதி வேண்டியிருக்கலாம். இதையெல்லாம் பயிற்சியாளர் வக்கீல் மாதிரி ஒப்பிக்க வேண்டியதில்லை. ஆனால் உங்கள் துறையில் எங்கே கோடு இருக்கிறது என்று முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொண்டு வருகிறாரா என்பது முக்கியம்.

சரி, இனி ஒவ்வொன்றாக.

## பி.ஆர். ஏஜென்சி

இவர்களுடைய பலம் தொடர்ச்சி. உங்கள் தொழில் தெரியும், எந்தப் பத்திரிகையில் யார் அந்தத் துறையைப் பார்க்கிறார்கள் என்று தெரியும். சாயங்காலம் ஏழு மணிக்கு சேனலிலிருந்து எட்டு மணி விவாதத்துக்கு வரச் சொல்லி அழைப்பு வந்தால் போன் எடுத்துப் பேச ஆள் இருக்கும். நிறுவனத்தில் மூன்று நான்கு பேர் பேச வேண்டியிருந்தால், எல்லோரும் ஒரே எண்ணிக்கையை, ஒரே தேதியைச் சொல்லும்படி குறிப்பு தயார் செய்வதில் இவர்களை மிஞ்ச ஆளில்லை.

பலவீனமும் அதே இடத்திலிருந்துதான் வருகிறது. நீங்கள் அவர்களுக்கு மாதாமாதம் பணம் தரும் வாடிக்கையாளர். எம்.டி.யை உட்கார வைத்து, "போன வருஷம் உங்கள் ஃபேக்டரியில் ஒருவர் இறந்தாரே, அந்தக் குடும்பத்துக்கு என்ன செய்தீர்கள்?" என்று முகத்துக்கு நேராகக் கேட்க அங்கே வேலை பார்க்கும் இளைஞருக்கு மனம் வராது. கேட்டாலும் பதில் சரியில்லை என்று சொல்ல மாட்டார். பயிற்சி முடிந்து எல்லோரும் கைதட்டிவிட்டுப் போவார்கள். அதனால் ஏஜென்சியை எடுப்பதென்றால் கேள்வி கேட்கப்போவது யார் என்று பெயரோடு கேட்டு வாங்குங்கள். முன்மொழிவைக் காட்ட வந்த சீனியரே பயிற்சி நாளன்றும் வருவார் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை, எழுத்தில் இருந்தால் தவிர.

மறைந்திருக்கும் செலவுகள்: ஸ்டுடியோ, கேமராமேன் தனி பில்லாக வரலாம். பயிற்சி விலை குறைவாகத் தெரிந்தால் அதோடு ஆறு மாத ரீடெய்னர் (மாதாமாதம் கட்டும் நிலையான கட்டணம்) ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். பயிற்சி எடுத்தால் இத்தனை சேனலில் பேட்டி வரும் என்று ஒருவர் சேர்த்துச் சொன்னால் அங்கேயே எழுந்துவிடுவது நல்லது. பேட்டி வாங்கித் தருவதும் பேட்டி கொடுக்கக் கற்றுத் தருவதும் வேறு வேறு வேலைகள், முதலாவதில் உத்தரவாதம் தருபவர் எதை விற்கிறார் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

எப்போது இதுவே சரி: பங்கு வெளியீடு, பெரிய அறிமுகம், தொடர்ந்து செய்தியில் இருக்கும் தொழில், பேசுபவர் ஒருவருக்கு மேல் இருக்கும் நிறுவனம்.

## முன்னாள் பத்திரிகையாளர்

தமிழ் சேனல்களுக்குப் பேசப்போகிற பலருக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான், ஆனால் யார் என்று நன்றாகப் பார்த்த பிறகு.

நிருபராகவோ செய்தியைத் திருத்தி வெட்டும் டெஸ்கிலோ வேலை பார்த்தவருக்கு நீங்கள் பத்து நிமிடம் பேசியதில் எந்த இருபது விநாடி வெட்டப்படும் என்று தெரியும். பயிற்சி முடிந்ததும் உங்கள் வீடியோவை அதே மாதிரி வெட்டி, செய்தியில் வந்தால் எப்படி இருக்கும் என்று போட்டுக் காட்டக்கூடியவர்கள் இருக்கிறார்கள். இந்த ஒரு பயிற்சி பத்து ஸ்லைடுக்குச் சமம். தான் சொன்னதில் தான் நினைத்த வரி வராமல் வேறு வரி வந்திருப்பதைக் கண்ணால் பார்த்தவர், அடுத்த சுற்றில் தானாகவே முக்கியமானதை முதலில் சொல்வார். கேள்வியும் தமிழில், உண்மையான நிருபர் கேட்கும் வேகத்தில், நடுவில் குறுக்கிட்டு வரும்.

கவனிக்க வேண்டியவை சில. ஒன்று, கற்றுக்கொடுப்பது தனித் திறமை. பெரிய அனுபவம் உள்ள சிலர் பாதி நாளைத் தங்கள் பழைய செய்திக் கதைகளிலேயே கழித்துவிடுவார்கள். கேட்கச் சுவையாக இருக்கும், உங்கள் கேமரா நேரம் அதில் கரைந்துவிடும். இரண்டு, பிரபலமான ஆங்கர் என்பதற்காகக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை. செய்தி வாசிப்பதும் நிகழ்ச்சி நடத்துவதும் ஒரு கலை, நீங்கள் கற்க வேண்டியது பதில் சொல்லும் கலை. குரல் ஏற்ற இறக்கம், கம்பீரமான உட்காரல் எல்லாம் சொல்லித்தந்து உங்களையும் ஒரு ஆங்கர் மாதிரி ஆக்கிவிட்டால், ஊரில் உங்களைத் தெரிந்தவர்களுக்கே அந்நியமாகப் படும். மூன்று, வெளியே வந்து ரொம்ப வருஷம் ஆனவரா என்று பாருங்கள். யூடியூப் பேட்டி, ஷார்ட்ஸ் பற்றிக் கேட்டால் அவரிடம் சொல்ல ஏதாவது இருக்க வேண்டும்.

நான்காவது எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. இப்போதும் சேனலிலோ பத்திரிகையிலோ வேலையில் இருப்பவரைப் பயிற்சிக்கு அழைக்காதீர்கள், அவரே முன்வந்தாலும். உங்கள் நிறுவனத்தின் பலவீனங்கள் எல்லாவற்றையும் அந்த அறையில் அவர் கேட்கப்போகிறார். நாளைக்கு உங்களைப் பற்றி ஒரு செய்தி வந்தால் அவர் எழுதினாலும் தப்பு, எழுதாமல் விட்டாலும் தப்பு. உங்களிடம் பணம் வாங்கியவர் உங்களைப் பற்றி எழுதுகிறார் என்று தெரிந்தால் வாசகர் யாரை நம்புவார்? மலிவாகக் கிடைக்கிறது, சேனலில் ஒரு ஆள் நமக்குத் தெரிந்தவராக இருப்பார் என்று நினைத்து இதைச் செய்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

செலவைப் பொறுத்தவரை, தனியாகச் செய்பவரின் ஆண்டு மொத்த வரவு 20 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் அவர் ஜி.எஸ்.டி. பதிவே செய்திருக்க வேண்டியதில்லை. ஏஜென்சி பில்லில் 18 சதவீதம் சேரும். பதிவு பெற்ற நிறுவனத்துக்கு அந்த வரியைப் பெரும்பாலும் கழித்துக்கொள்ள வழியுண்டு, ஜி.எஸ்.டி. பதிவில்லாத தொண்டு நிறுவனத்துக்கு அது முழுச் செலவு. கொட்டேஷன்களை ஒப்பிடும்போது வரியோடு சேர்த்து ஒப்பிடுங்கள். சென்னையிலிருந்து ஆள் வந்தால் பயணம், தங்குமிடம் உங்கள் கணக்கில்தான்.

எப்போது இதுவே சரி: ஒன்றிரண்டு பேர் மட்டும் பேசப்போகும் மருத்துவமனை, கல்லூரி, தொண்டு நிறுவனம், உள்ளூர்த் தொழில்.

## வெளிநாட்டு ஆன்லைன் வகுப்பு

இதில் பாதிக்கு மேல் சொல்லித்தரப்படுவது ஒரே உத்தி: கேள்வியை ஒரு வார்த்தையில் ஏற்றுக்கொள், பாலம் போடு, உன் செய்திக்குத் தாவு. அளவோடு செய்தால் பயனுள்ளதுதான். அதையே முழு ஆயுதமாக நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு 1997 மே மாதம் பிபிசியின் நியூஸ்நைட் நிகழ்ச்சியே சாட்சி. அதன் நெறியாளர் ஜெரமி பாக்ஸ்மன் பிரிட்டனின் முன்னாள் உள்துறை அமைச்சர் மைக்கேல் ஹோவர்டிடம் ஒரே கேள்வியைப் பத்துத் தடவைக்கு மேல் கேட்டார். ஹோவர்ட் ஒவ்வொரு முறையும் நேரடியாகப் பதில் சொல்லாமல் நகர்ந்தார். சொன்ன பதில்கள் எதுவும் நிற்கவில்லை, பதில் சொல்லவில்லை என்பது மட்டும் நின்றது. தமிழ் விவாதங்களில் நெறியாளர் "கேள்விக்குப் பதில் சொல்லுங்க சார்" என்று இரண்டாவது தடவையே சொல்லிவிடுவார்.

ஆனால் ஒரு விஷயத்தில் ஆன்லைன் வகுப்புக்கு உண்மையான சாதகம் இருக்கிறது. 2020க்குப் பிறகு விருந்தினரை வீட்டிலிருந்தே வீடியோ அழைப்பில் சேர்ப்பது சேனல்களுக்குப் பழகிவிட்டது. லேப்டாப்பைக் கண் மட்டத்துக்கு உயர்த்துவது, முகத்துக்கு முன்னால் வெளிச்சம், ஒரு விநாடி தாமதமாக வரும் கேள்விக்குக் காத்திருப்பது, எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்காமல் கேமராவைப் பார்த்துப் பேசுவது இதெல்லாம் ஜூமிலேயே பழகினால்தான் வரும். வெளிநாட்டு வாங்குபவர்களுக்காக ஆங்கில வர்த்தக சேனலில் பேசும் ஏற்றுமதியாளருக்கும் இது பொருந்தும். மற்றவர்களுக்கு வேண்டாம். முன்பே பதிவு செய்த வீடியோ பாடங்கள் இன்னும் மலிவு, ஆனால் அதில் உங்களை யாரும் கேள்வி கேட்பதில்லை என்பதால் அதைப் பயிற்சி என்றே நான் எடுத்துக்கொள்வதில்லை.

## கல்லூரி, சங்கம்

தரமணியில் இருக்கும் ஆசிய இதழியல் கல்லூரி போன்றவை பத்திரிகையாளர்களை உருவாக்கும் இடங்கள், பேட்டி கொடுப்பவர்களை அல்ல. டெல்லியில் இருக்கும் இந்திய மக்கள் தொடர்பு நிறுவனம் (ஐ.ஐ.எம்.சி.) அரசு, ராணுவ அதிகாரிகளுக்குக் குறுகியகாலப் பயிற்சி நடத்துகிறது. அந்த வட்டத்தில் இருப்பவர்கள் தங்கள் துறை மூலமாகவே கேட்டுப் பார்க்கலாம். மேடைப் பேச்சு பழகும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் சங்கங்கள் பல ஊர்களில் உண்டு, செலவு குறைவு. தயாரிப்பில்லாமல் ஒன்றிரண்டு நிமிடம் பேச வைக்கும் அவர்களுடைய சுற்று, "வந்து, அதாவது" என்று இழுக்கும் பழக்கத்தைக் குறைக்கும். ஆனால் அங்கே யாரும் குறுக்கிட மாட்டார்கள். மேடைப் பயம் உள்ளவர் அதைப் போக்கிக்கொள்ளப் போகட்டும், பேட்டிக்குப் பழக வேறு இடம் வேண்டும்.

## நாமே செய்துகொள்வது

ஒரு போன், ஒரு ட்ரைபாட், கேள்வி கேட்க ஒருவர். உங்களைப் பற்றி வரக்கூடாது என்று நீங்கள் பயப்படுகிற பத்துக் கேள்விகளை எழுதுங்கள். அதை உங்களிடம் சம்பளம் வாங்காத ஒருவரைக் கேட்கச் சொல்லுங்கள், உங்கள் வக்கீல், அக்கா, எதிர்த்துப் பேசும் நண்பர் யாராவது. பதிவை முதலில் சத்தம் இல்லாமல் பாருங்கள், அப்புறம் படம் பார்க்காமல் கேளுங்கள். முதலில் முகமும் கையும் சொல்வது தெரியும், பிறகு பதில் எவ்வளவு நீளம் என்பது தெரியும். இதற்கு ஆகும் செலவு நேரம் மட்டுமே. குறை என்னவென்றால், ஒரு பதில் நிருபர் காதில் எப்படி விழும் என்று சொல்ல அங்கே ஆள் இல்லை.

பட்ஜெட் சிறியது என்றால் என் யோசனை இது: சில வாரம் இப்படி வீட்டிலேயே பழகிவிட்டு, முன்னாள் நிருபர் ஒருவரை அரை நாளுக்கு மட்டும் அழையுங்கள், பேசப்போகிற ஒருவருக்காக. 12 பேரை உட்கார வைக்கும் ஒரு நாள் பட்டறையைவிட இது பலன் தரும்.

## ஒரே பார்வையில்

| | பி.ஆர். ஏஜென்சி | முன்னாள் பத்திரிகையாளர் | வெளிநாட்டு ஆன்லைன் | நாமே |
|---|---|---|---|---|
| தமிழில் பயிற்சி | கேட்டு வாங்க வேண்டும் | பெரும்பாலும் கிடைக்கும் | கிடைப்பது அரிது | உண்டு |
| கடினமான கேள்வி | தயங்குவார்கள் | பலம் இதுதான் | பொதுவான கேள்விகள் | கேட்பவரைப் பொறுத்தது |
| கேமரா நேரம் | குழு பெரிதானால் குறையும் | ஒருவர் இருவர் என்றால் நிறைய | நேரடி வகுப்பில் மட்டும் | வேண்டிய அளவு |
| பின்தொடர்தல் | நன்று | பேசி வைத்துக்கொள்ள வேண்டும் | இல்லை | பொருந்தாது |
| மறைந்த செலவு | ரீடெய்னர், ஸ்டுடியோ, வரி | பயணம், தங்குமிடம் | அந்நியச் செலாவணிக் கட்டணம், நேர வித்தியாசம் | உங்கள் நேரம் |

## பணம் கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டியவை

எங்களைப் பற்றி ஏற்கெனவே வந்த செய்திகளைப் படித்துவிட்டு வருவீர்களா? இதற்கு "பயிற்சி எல்லோருக்கும் பொதுவானது" என்று பதில் வந்தால் அடுத்தவரைப் பாருங்கள். ஆளுக்கு எத்தனை சுற்று? உண்மையான பேட்டி வரும் அன்று போனில் பத்து நிமிடம் பேசக் கூடுதல் கட்டணமா? ஒரு கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் என்ன சொல்லச் சொல்வீர்கள்? இந்தக் கடைசிக் கேள்வி மிகவும் உதவும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, எப்போது சொல்ல முடியும் என்று தேதி கொடுக்கச் சொல்பவர் நல்லவர். எதையாவது சொல்லிச் சமாளிக்கச் சொல்பவரிடம் கற்று அப்படியே பேசினால், நீங்கள் சொன்னதை அடுத்த நாளே ஆவணத்தோடு ஒருவர் மறுப்பார்.

பதிவுகள் யாரிடம் இருக்கும் என்பதைப் பலர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். பயிற்சி அறையில் உங்களைப் பற்றிய மோசமான கேள்விகளுக்கு, உங்கள் மோசமான பதில்களை, தேதியோடு வீடியோவாகக் கொடுத்திருக்கிறீர்கள். அது பயிற்சியாளரின் லேப்டாப்பிலோ கேமராமேனின் மெமரி கார்டிலோ கிடக்கக் கூடாது. உங்கள் கருவியிலேயே பதிவு செய்யுங்கள், இல்லையென்றால் அன்றைக்கே ஒப்படைத்து, அவர்கள் பக்கம் இருக்கும் பிரதியை அழிப்பதாக ரகசிய ஒப்பந்தத்தில் கேமராமேன் பெயரையும் சேர்த்துக் கையெழுத்து வாங்குங்கள். வேறு வாடிக்கையாளருக்குக் காட்ட மாதிரி வீடியோவாகப் பயன்படுத்தக் கூடாது என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.